எதிர் ரீமில் என் பிள்ளை

என் மகன் பந்து எறிகிறவன். அதுதான் அவனுடைய உத்தியோகம். கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற சனம், மகன் என்ன செய்கிறார் என்று கேட்கும். எறிகிறான் என்பேன். எதை என்று கேட்பார்கள். பந்தை என்பேன். அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒன்று பல் வைத்தியர், ஒன்று வங்கியில் மனேஜர். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. பல்லுப் பிடுங்க இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பேஸ்போல் எறிந்து சீவிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறு யார் இருக்கிறான்? எனக்குத் தெரிய ஒருவரும் இல்லை.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெல்லத்தான் வரும். எனக்கு அவசரமும் இல்லை.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே பிந்தித்தான் விளங்கியது. மைதானத்தின் நடுவில் கொஞ்சம் உயர்த்திய மண்மேடு ஒன்று இருக்கும். எறிகிறவன் அதில் நிற்பான். அடிக்கிறவன் எதிரே தடியோடு நிற்பான். கிரிக்கெட் மாதிரிப் பந்து நிலத்தில் குத்தி எழும்பாது. காற்றிலேயே வரும். கண்ணை மூடித் திறக்க முதல் வந்துவிடும். மூன்று தரம் அடி பிழைத்தால் அடிக்கிறவன் தடியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முதலில் எறிகிறவன் களைத்துப்போனால் இன்னொருவனைக் கூப்பிடுவார்கள். என் மகன் அந்த இன்னொருவன். மதிலுக்கு அங்கால் கம்பி அடித்த ஒரு இடத்தில் அவனைப் போன்றவர்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு இருப்பார்கள். போன் அடித்தால் எழும்பிக் கையைச் சூடாக்க வேண்டும். சூடாக்கிய பிறகும் வேண்டாம் என்று விடுவார்கள். திரும்பக் குந்த வேண்டியதுதான்.

மற்றத் தாய்மாருக்கு இது விளங்கியிருக்குமோ தெரியாது. எனக்கு விளங்கியது. நான் இந்த நாட்டில் ஏஜென்சியால் வேலைக்குப் போனவள். விடியக் காலமை வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கேக் பெட்டியில் அடைக்கிற இடம், சலாட் வெட்டுகிற இடம், எங்கே ஆள் தேவையோ அங்கே. வாசலில் நிறுத்தி ஒருவர் எண்ணுவார். சில நாள் எனக்கு முன்னால் நிற்கிறவளோடு கணக்கு முடிந்துவிடும். "இன்றைக்குக் காணும், நாளைக்கு வா" என்பார். தலைக்குப் போட்ட வலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஆகவே என் மகன் முதன்முதலாகப் பெரிய ரீமுக்கு, அதாவது ஆக மேலே உள்ள அணிக்கு, எடுபட்டு, ஒரு கிழமையில் திருப்பி அனுப்பப்பட்டபோது, என் மனுசன்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் சொன்னேன்: "இதிலை என்ன இருக்கு? அவனும் ஏஜென்சி ஆள்தான். நாளைக்குக் கூப்பிடுவாங்கள்."

நாங்கள் முதலில் ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் ஒரு உயரக் கட்டடத்தில் இருந்தோம். பனிக்காலத்தில் அவன் கீழே கார் விடுகிற இடத்துக்குப் போய்ப் பனியை உருட்டி விளக்குக் கம்பத்துக்கு எறிவான். நான் யன்னலில் நின்று பார்ப்பேன். ஒரு குறியும் பிழைக்காது. கம்பத்தில் ஒரே இடத்தில் பனி ஒட்டி ஒட்டித் தேன்கூடு மாதிரித் தொங்கும். ஆனால் நான் பார்த்தது கம்பத்தை இல்லை, அவனுடைய கையை. இடக்கை.

எங்கள் சனத்துக்கு இடக்கையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பிடவும் கொடுக்கவும் வாங்கவும் வலக்கை. இடக்கைக்கு வேறு வேலை. அவன் சோற்றில் இடக்கையை வைத்தால் தட்டிவிடுவேன். இன்றைக்கும் அவன் வலக்கையால்தான் சாப்பிடுகிறான். நான் சாப்பிடுகிற கையைப் பற்றித்தான் சொன்னேன். எறிகிற கையைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

ஸ்காபரோவுக்கு வந்த பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவின் நுனியில் இருந்துகொண்டு நெடுநேரம் இங்கிலிசில் கதைத்தார். நான் மனுசனைக் கேட்டேன்.

"என்னவாம்?"

"இவன்ர இடக்கை பொன்னாம். ஆயிரத்திலை ஒருத்தனுக்குத்தான் இப்பிடி வாய்க்குமாம்."

"வடிவாக் கேட்டனீங்களோ? வலக்கையோ, இடக்கையோ?"

"இடக்கை எண்டு ரெண்டு தரம் சொன்னவர்."

"அப்ப அந்தாளுக்குத் தேத்தண்ணி வைக்கிறன்" என்று எழும்பினேன்.

என் மனுசனுக்குப் பெரிய விருப்பம் இருக்கவில்லை. "கிரிக்கெட் எண்டால் நானும் ரெண்டு கதை கதைப்பன். உது என்ன விளையாட்டு? துப்பிக்கொண்டெல்லோ நிக்கிறாங்கள்" என்பார். ஆனால் பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒரு அமெரிக்கன் ரீம் அவனை எடுத்தபோது, கையெழுத்து வைக்கிற இடத்துக்குக் கோட் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் இருந்ததைவிட பஸ்ஸில் இருந்ததுதான் கூட. பெரிய ரீம்களுக்குக் கீழே சின்ன ரீம்கள் இருக்கின்றன, அதற்கும் கீழே அதைவிடச் சின்னது. அவன் எல்லாவற்றிலும் எறிந்தான். ஒரு ரீம் விடும், இன்னொன்று எடுக்கும். ஒன்று அவனைக் கொடுத்து வேறு ஒருவனை வாங்கும். ஊர்களின் பெயர் என் வாயில் நுழையாது. நான் சாப்பாட்டால்தான் ஞாபகம் வைத்தேன். "தம்பி, என்ன சாப்பிட்டனி?" என்று கேட்பேன். உருளைக்கிழங்கு என்றால் மலைப்பக்கத்து ரீம். சோளம் என்றால் நடு அமெரிக்கா. சோறும் கறுத்தப் பயறும் என்றால் குளிர்காலத்தில் தெற்கே தீவுகளில் எறிகிறான். ஒரு வருசம் தாய்வானுக்குப் போனான். அங்கே மீன் நல்லது என்றான். அந்த வருசம் மட்டும்தான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இடைக்கிடை மேலே கூப்பிடுவார்கள். பெரிய ரீம், பெரிய மைதானம், ரீவியில் காட்டுவார்கள். ஆனால் எங்கேயோ தூரத்து ஊரில் இருக்கும். நாங்கள் வெளிக்கிட முதல் திருப்பிக் கீழே அனுப்பிவிடுவார்கள். நான் அவனை ரீவியில் பெருவிரல் அளவில்தான் கண்டிருக்கிறேன். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரில், ரொறன்ரோவில், அந்த மேட்டில் அவன் நிற்பதை என் கண்ணால் ஒருதரம் காண வேண்டும்.

ஒருதரம் கிட்ட வந்தது. ஒரு வியாழக்கிழமை போன் எடுத்தான். "அம்மா, மேலை எடுத்திருக்கினம். சனிக்கிழமை ரொறன்ரோவிலை விளையாட்டு." நான் போனை வைத்த கையோடு அஜக்ஸில் இருக்கிற என் மச்சாளுக்கு எடுத்தேன். மச்சாள் என் மனுசனின் தமக்கை. அவவுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மஞ்சள் பஸ் பிடித்தாயிற்று. அஜக்ஸில் ஏறியவர்கள், ஸ்காபரோவில் ஏறியவர்கள், பார்க்டேலில் எங்களோடு முன்பு இருந்தவர்கள். மிசிசாகாவில் இருந்து காரில் நேரே வந்தவர்கள் வேறு. பெண்டுகள் விடிய எழும்பி ரோல்சும் பற்றிசும் பொரித்துக்கொண்டு வந்தார்கள். மச்சாளின் மனுசன் ஒரு பொன்னாடை வாங்கி வந்திருந்தார். விளையாட்டு முடிய மகனுக்குப் போர்த்த வேண்டுமாம். ஒருவர் மாலையும் கொண்டுவந்தார். மைதானத்து வாசலில் பைகளைச் சோதித்த பெடியன் மாலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் திருப்பி வைத்தான்.

எங்களுக்குக் கிடைத்தது ஆக மேலே உள்ள இருக்கைகள். கீழே விளையாடுகிறவர்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். பெயர் போடுகிற பெரிய பலகை எங்கள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. ரோல்ஸ் முடிந்தது. பிறகு ரொறன்ரோவுக்கு எதிராக வந்த மகனின் ரீமின் கம்பிக் கூட்டுக்குள் ஒருவன் எழும்பிக் கையைச் சூடாக்கினான். இடக்கை.

"அந்தா! உவன்தான்!" என்று ஒருவர் கத்தினார். முழுப் பேரும் எழும்பிவிட்டார்கள். அவன் மேட்டுக்கு வந்தான். "தம்பி! தம்பி!" என்று சத்தம் கூரையில் முட்டியதில் ஒலிபெருக்கி சொன்ன பெயர் கேட்கவில்லை.

மச்சாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "என்னடி, பெடியன் நல்லா வெளுத்துப் போனான்?"

"குளிர் ஊரிலை நிண்டவனெல்லோ" என்றார் அவவின் மனுசன்.

எனக்கு அவன் நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் தோள் தெரியாதா? என் பிள்ளை எறிய முதல் தொப்பியைத் தொடமாட்டான். இவன் ஒவ்வொரு பந்துக்கும் தொட்டான். என் மனுசன் மெல்லக் குனிந்து, "இஞ்சாரும், உது எங்கட பெடியன் இல்லையே" என்றார்.

"பேசாமல் கையைத் தட்டுங்கோ" என்றேன்.

நானும் தட்டினேன். அவனும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவளும் எங்கேயோ ரீவியில் பெருவிரல் அளவில் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அவளின் பிள்ளைக்கு அறுபது யாழ்ப்பாணத்தார் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் கைப்பையில் கிடந்த போனைப் பார்த்தேன். காலமையே நாலைந்து தரம் எடுத்திருக்கிறான். நோயில் நின்ற ஒருவன் சுகமாகி வந்துவிட்டானாம், இவனை விடியவே கீழே அனுப்பிவிட்டார்களாம். நான் பஸ்ஸின் நடுவில் எழும்பி நின்று சொன்னேன்: "நீங்கள் கண்டது என்ர பிள்ளை இல்லை. அவனைக் காலமையே அனுப்பிப் போட்டாங்கள்."

மச்சாள்தான் முதலில் கேட்டா: "எடியே, அப்ப நாங்கள் இவ்வளவு நேரமும் ஆருக்குக் கத்தினனாங்கள்?"

முழு பஸ்ஸும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவ மனுசனைப் பார்த்து, "பொன்னாடையைப் பத்திரமா வையுங்கோ. ஆற்றையாவது பிள்ளை டொக்டராகேக்க போத்தலாம்" என்றா. அவவின் மகன் அப்போது டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருசம் என் மகனுடைய முழங்கை போய்விட்டது. உள்ளே ஒரு நார் அறுந்துவிட்டதாம். காலில் இருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார்கள். நான் கேட்டபோது நம்பவே இல்லை. வெட்டினதைக் காட்டின பிறகுதான் நம்பினேன். ஒரு வருசத்துக்கு மேலே எறிய ஏலாது. ரீம் அவனை விட்டுவிட்டது. எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வருசம்தான் நான் அவனுடைய தொழிலைக் கண்ணால் கண்டேன். ரீவியில் பார்ப்பது தொழில் இல்லை, அது முடிவு. நிலவறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையில் முகம் துடைக்கிற துவாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எறிவான். பந்து இல்லை, துவாய் மட்டும். பிடியை விடாமல் துவாயைச் சுண்டுவான். சளார் சளார் என்று சத்தம் கேட்கும். நான் மேலே குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பேன். காலமை கேட்கும், மத்தியானம் கேட்கும். துவாயின் நுனி நைந்து நூல் நூலாய்ப் போய்விட்டது. நான் ஒன்றும் கேட்காமல் இன்னொரு துவாயைப் படியில் வைப்பேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கும்பிடுவதை நான் கண்டிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

கை ஆறியது. வேகம் வரவில்லை. அதை அவன் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னான்.

"அம்மா, பழைய ஸ்பீட் இனி வராது. இன்னும் ஒண்டு ரெண்டு வருசம்தான்."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"மெல்ல எறியப் பழகப்போறன்."

"மெல்ல எறிஞ்சால் அடிச்சுப் போடுவாங்களெல்லோ?"

"மெல்ல வருது எண்டு தெரிஞ்சால் அடிப்பாங்கள்." சிரித்தான். "தெரியக் கூடாது."

அன்றையில் இருந்து ஒரு பந்து அவன் இடக்கையிலேயே இருந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்து, பந்தை உள்ளங்கைக்குள் ஆழத் தள்ளிப் பிடிப்பான். சாப்பிடும்போதும் பிடிப்பான். வலக்கையில் இடியப்பம், இடக்கையில் பந்து. ரீவி பார்க்கும்போதும், போன் கதைக்கும்போதும் பிடித்துக்கொண்டிருப்பான். அப்படிப் பிடித்தால் கை முழு வீச்சில் வரும், ஆனால் பந்து பிந்தித்தான் வருமாம். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. விளங்காமலே ஓம் என்றேன்.

மறுபடியும் ஆகக் கீழே இருந்து தொடங்கினான். தலைமுடி முன்னால் கொட்டத் தொடங்கிவிட்டது. அவனோடு பஸ்ஸில் போன பிள்ளைகள் அவனை அங்கிள் என்று கூப்பிடாத குறைதான். பிறகு ஒரு கோடையில் போன் வந்தது.

"அம்மா, மேலை எடுத்திருக்கினம். வெள்ளி, சனி, ஞாயிறு ரொறன்ரோவிலை. ரெண்டு ரிக்கற் வைக்கிறன். ஆருக்கும் சொல்லாதீங்கோ."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"அம்மா."

"சொல்லமாட்டன்."

சொல்லவில்லை. மச்சாள் வெள்ளிக்கிழமை எடுத்து, குரல் ஒரு மாதிரி இருக்குதே என்றா. சளி, தடிமன் என்றேன். நல்ல விசயத்தை நடக்க முதல் வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவது சும்மா இல்லை. ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றிக் காட்டப் போய் நானே அதைக் கண்டவள்.

வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை எழும்பிக் கையைச் சூடாக்கினான். பிறகு இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான விளையாட்டு. அதுதான் கடைசி. அது முடிய அந்த ரீம் விமானத்தில் ஏறிப் போய்விடும். அவன் திரும்ப இந்த ஊருக்கு வர, அவனுக்கு வயதும் இல்லை, கையும் இல்லை. எனக்கு அது தெரியும். என் மனுசனுக்கும் தெரியும். ரயிலில் போகும்போது கட்லற் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூரையைத் திறந்து விட்டிருந்தார்கள். நல்ல வெயில். இந்த முறை இருக்கை கீழே, மேட்டைச் சரியாகப் பார்க்கலாம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக்காரர் இருந்தார். உள்ளூர் ரீமின் சேட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கோதோடு வறுத்த கச்சான் கடலை வாங்கி எங்களுக்கும் நீட்டினார். நல்ல மனுசன். ஆனால் வாயைத் திறந்தால் எதிர் ரீமை, அதாவது என் மகனின் ரீமைத்தான் திட்டுவார்.

விளையாட்டு முடியப் போகிற நேரம். எதிர் ரீம் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. உள்ளூர் ரீமின் இரண்டு பேர் ஓடுகிறதற்கு ஆயத்தமாக மூலைகளில் நின்றார்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிடுவார்கள். இன்னும் ஒரு ஆளை வெளியே அனுப்பினால் எதிர் ரீம் அந்த முறையைத் தப்பிவிடும். ஆனால் அடிக்க வந்தவன் உள்ளூர் ரீமின் ஆகப் பெரிய அடிகாரன். அவன் நடந்து வரும்போதே சனம் எழும்பிவிட்டது.

எதிர் ரீமின் தலைவர் வெளியே வந்தார். மெல்ல நடந்து மேட்டுக்குப் போய், நின்றவனிடம் பந்தை வாங்கினார். பிறகு கம்பிக் கூட்டுப் பக்கம் திரும்பித் தன் இடக்கையைத் தூக்கி மற்றக் கையால் தட்டிக் காட்டினார். இடக்கைக்காரனைக் கூப்பிடுகிறதற்கு அதுதான் அவர்கள் வழக்கமாம். அவ்வளவு பெரிய மைதானத்தில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், ஒரு பெரிய மனுசன் இடக்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

கதவு திறந்தது. தோளைக் கண்டேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன்.

மெல்ல ஓடி வந்தான். எதிரே இருந்த பெரிய பலகையில் எழுத்து விழுந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. தகப்பனின் பெயரைத்தான் இந்த நாட்டில் கடைசிப் பெயராக எழுதுகிறோம். அந்தப் பலகையில் என் மனுசனின் பெயர் வீடு அளவு எழுத்தில் நின்றது. மகனின் முதுகிலும் அதுதான், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோள் வரைக்கும் வளைந்து இடம் போதாமல் கிடந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் அதை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். என் மனுசன் வாயைத் திறந்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தன்னைக் கூப்பிட்டு எழும்பி நிற்கச் சொன்ன மாதிரி எழும்பி நின்றார்.

பக்கத்து வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். உங்கள் ஆளா, இதை எப்படிச் சொல்கிறது என்று கேட்டார். என் மனுசன் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் என் மனுசனின் பெயரைச் சொன்னவள் இல்லை. குடிவரவு அலுவலகத்தில் கேட்டபோதும் கடதாசியைத்தான் காட்டினேன். அன்றைக்குச் சொன்னேன். முழுதாக, நிறுத்தி, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலிசில், "மை சன்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆனால் உங்கள் மகன் தோற்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் வாயில் குவித்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே என் மனுசனின் பெயரைக் கூப்பிட்டு, உனக்கு எறியத் தெரியாது, வீட்டுக்குப் போ என்று கத்தினார். பின்வரிசையும் அதைப் பிடித்துக்கொண்டது. என் மனுசன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உங்களை இல்லை. இருங்கோ" என்றேன். அவர் இருக்கவில்லை.

முதல் பந்து வேகமாகப் போனது. அடிகாரன் விட்டுவிட்டான், நடுவர் நல்ல பந்து என்று கையைக் காட்டினார். நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலும் அது ஒரு பிழைதான். அடுத்தது வெளியே. அதற்கு அடுத்ததை அவன் அடித்தான். தடியில் பட்ட சத்தம் நெஞ்சில் விழுந்தது. பந்து உயர்ந்து உயர்ந்து கோட்டுக்கு வெளியே சனத்துக்குள் போய் விழுந்தது. அது கணக்கில் வெற்று அடி. கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முழு மைதானமும் ஓ என்று இரைந்தது. என் மகன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூட இல்லை. புதுப் பந்தை வாங்கிக் கையில் உருட்டினான். நான் வீட்டில் கண்ட முகம் இல்லை அது. பயமும் இல்லை, வீரமும் இல்லை. மரத்தில் ஆணி அடிக்கிறவன் ஆணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

பிறகு எத்தனை பந்து என்று எனக்குத் தெரியாது. எறிந்தான், அவன் வெளியே தட்டினான். எறிந்தான், தட்டினான். அப்படி வெளியே தட்டுகிறவரைக்கும் அடிகாரன் போக வேண்டியதில்லை, இடையில் இரண்டு பந்து கோணலாகவும் போய்விட்டது. இனி ஒரு பிழையான பந்துக்கும் இடம் இல்லை என்று மனுசன் என் காதில் சொன்னார். சனம் எல்லாம் நின்றுகொண்டு ஒரே சத்தம். இவ்வளவு பேரும் அவன் தோற்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அவன் அதன் நடுவில் தனியாக நிற்கிறான். இந்தப் பிள்ளையை நானா பெற்றேன் என்று நினைத்தேன்.

அவன் கையைத் தூக்கினான். முழு வீச்சு. கை மின்னல் மாதிரி வந்தது. அடிகாரன் அந்தக் கையை நம்பிவிட்டான். தடியை முழுப் பலத்தோடு சுற்றினான். பந்து அங்கே இல்லை. பந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. அவன் சுற்றி முடித்து, ஒரு முழங்காலில் விழுந்து, தொப்பி கழன்று போன பிறகு, அவசரமே இல்லாமல் வந்து, பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவனின் கையுறைக்குள் இறங்கியது.

சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது. அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சை விட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். எல்லோரும் இருந்தார்கள். நானும் என் மனுசனும் மட்டும் நின்றோம். என் மகன் ஒரு துள்ளலும் துள்ளாமல், கையையும் தூக்காமல், வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி மேட்டில் இருந்து இறங்கிப் போனான். பக்கத்து வெள்ளைக்காரர் கச்சான் கோதுகளைப் பைக்குள் கூட்டி அள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, அது நல்ல பந்து அம்மா என்றார்.

அடுத்த முறைக்கு வேறு ஒருவன் வந்து எறிந்தான். எதிர் ரீம் வென்றது. என் மகன் ரொறன்ரோவில் எறிந்தது அந்த ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

குடும்பத்தார் நிற்கிற ஒரு கதவடியில் அவனைக் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். இடக்கை முழுவதும் ஐஸ் வைத்துக் கட்டியிருந்தது. நான் கொண்டுபோன கட்லற்றை வலக்கையால் எடுத்துச் சாப்பிட்டான்.

"கண்டனீங்களோ அம்மா?"

"கண்டன்."

"பயந்தனீங்களோ?"

"நான் ஏன் பயப்பிடுறன்? எறிஞ்சது நீயெல்லோ."

தகப்பன் கேட்டார்: "அந்தக் கடைசிப் பந்துக்கு என்ன நடந்தது? அவன் அது வர முதலே சுத்திப் போட்டானே?"

"அதுக்குத்தான் அப்பா, அந்தத் துவாய் எல்லாம் கிழிஞ்சது."

தகப்பன் அவனுடைய நல்ல தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பஸ் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, வாயில் கட்லற்றோடு ஓடினான். அந்தக் கிழமை முடிய முதல் அவனைத் திருப்பிக் கீழே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மேலே கூப்பிடவில்லை. இப்போதும் எங்கேயோ எறிந்துகொண்டுதான் இருக்கிறான். போன கிழமை கேட்டபோது சோளம் என்றான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பற்றி. தோற்ற சனத்தால் ரயில் நிறைந்திருந்தது. எங்களுக்கு இரண்டு இருக்கை விட்டுத் தந்த பெடியங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளையாட்டைத்தான் கதைத்தார்கள். எல்லாம் அந்த இடக்கையனால் வந்தது என்றான் ஒருவன். அப்படி ஒரு பந்தா, ஆளைப் பற்றி ஒருதரும் கேள்விப்படவே இல்லையே என்றான் மற்றவன். எந்தப் பொந்துக்குள் இருந்து இவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டான் மூன்றாமவன். அவ்வளவு இங்கிலிஸ் எனக்கு விளங்கும்.

என் மனுசன் என்னைப் பார்த்தார். பேசாமல் இரும் என்று சொல்லுகிற பார்வை இல்லை அது.

"ஸ்காபரோ" என்றேன்.

மூன்று பேரும் குனிந்து என்னைப் பார்த்தார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, வெயில் பட்டு, நாங்கள் இறங்குகிற கென்னடி ஸ்ரேசனுக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது.